அல்டிமா 4 திறக்கவில்லை, சேமிக்கவில்லை, ஓடுகிறது ஆனால் சரியாக ஓடவில்லை: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ரிச்சர்ட் கேரியட் உருவாக்கி, ஆரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1985இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளியிட்ட ‘அல்டிமா 4: குவெஸ்ட் ஆஃப் தி அவதார்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டு பிற்பாடு கொமடோர் 64, அட்டாரி, டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்), அமிகா, ஜப்பானியக் கணினிகள் சில, நின்டெண்டோவின் என்இஎஸ், சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் எனப் பல கருவிகளுக்கு மாற்றி எழுதப்பட்டது. கதை ஒன்றே, நிரல் ஒவ்வொன்றிலும் வேறு. ஒரு பதிப்பின் கோளாறுக்குச் சொல்லப்பட்ட மருந்தை வேறொரு பதிப்பில் போட்டுப் பார்த்துச் சேமிப்பை இழந்தவர்கள் பலர் என்பதால், விளையாட்டு ஓடவில்லை என்று ஒருவர் வரும்போது முதலில் கேட்க வேண்டியது எந்தப் பதிப்பு என்பதுதான்.

கண்டுபிடிப்பது எளிது. ஒரே கோப்புறையில் அல்டிமா, அவதார், டைட்டில் என்ற பெயர்களில் நிரல்களும், யூஎல்டி, டிஎல்கே என்ற நீட்சிகளுடன் ஊர்ப் பெயர் கொண்ட சிறு கோப்புகளும் இருந்தால் அது 1987இன் டாஸ் பதிப்பு. நான்கு வட்டுப் பக்கங்களின் படிமங்களாக (வட்டை அப்படியே நகலெடுத்த கோப்புகளாக) வந்திருந்தால் பெரும்பாலும் ஆப்பிள் 2 அல்லது கொமடோர் 64 பதிப்பு. ஒரே ஒரு கோப்பாகவோ கையில் பிடிக்கும் கேட்ரிட்ஜாகவோ இருந்தால் என்இஎஸ் அல்லது மாஸ்டர் சிஸ்டம் பதிப்பு. விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி இணையதளத்தில் டாஸ் பதிப்பு இலவசமாகக் கிடைப்பதால் இன்று பெரும்பாலோரிடம் இருப்பது அதுவே. கீழே வருவதில் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

எதையும் தொடுவதற்கு முன்

டாஸ் பதிப்பு சேமிப்பை நான்கு கோப்புகளில் பிரித்து வைக்கிறது. எஸ்ஏவி என்ற நீட்சியுடன் பார்ட்டி, மான்ஸ்டர்ஸ், அவுட்மான்ஸ்ட், டிஎன்ஜிமேப் என்ற பெயர்களில் அவை இருக்கும். கடைசி இரண்டும் நீங்கள் நிலவறைக்குள் சேமித்திருந்தால்தான் பொருட்படுத்த வேண்டியவை. நான்கையும் ஒன்றாக வேறோர் இடத்திற்கு நகலெடுத்துவிட்டுப் பிறகு பழுது பாருங்கள். பார்ட்டி கோப்பை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடக் கூடாது. பழைய பார்ட்டி கோப்பும் புதிய மான்ஸ்டர்ஸ் கோப்பும் சேர்ந்தால், நீங்கள் நிற்கும் இடத்திற்குச் சம்பந்தமில்லாத அரக்கர்களும் காணாமற்போன கப்பல்களும்தான் மிஞ்சும்.

அறிகுறி 1: நிரலைச் சொடுக்கினால் விண்டோஸ் மறுக்கிறது, அல்லது கருந்திரை வந்து மூடிக்கொள்கிறது

இது பழுதே அல்ல. 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை இயக்காது. அல்டிமா 4இன் டாஸ் நிரல் 16-பிட் நிரல். இணக்க முறையை மாற்றிப் பார்ப்பதிலும் நிர்வாகி உரிமையுடன் திறந்து பார்ப்பதிலும் நேரம் போகுமே தவிரப் பயன் இராது. பழைய டாஸ் கணினியைப் போலி செய்யும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் வழியாகத் திறக்க வேண்டும்.

*டாஸ்பாக்ஸ் திறக்கிறது, ஆனால் கட்டளையை ஏற்கவில்லை என்றால்*, பெரும்பாலும் தவறான கோப்புறை மவுண்ட் செய்யப்பட்டிருக்கும், அதாவது டாஸ்பாக்ஸுக்குள் ஓர் இயக்ககமாக இணைக்கப்பட்டிருக்கும். ‘டிர்’ என்று தட்டிப் பட்டியலைப் பாருங்கள். ஜிப் கோப்பை விரிக்கும்போது கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை உருவாவது வழக்கம். உண்மையான கோப்புகள் ஒரு படி உள்ளே கிடக்கும். மவுண்ட் செய்த பிறகு அந்த இயக்ககத்திற்கு மாறினீர்களா என்பதையும் பாருங்கள்.

*விளையாட்டு தொடங்கி, ஊருக்குள் நுழையும்போதோ ஒருவரிடம் பேசும்போதோ நின்றுவிடுகிறது என்றால்*, கோப்பு ஒன்று சிதைந்திருக்கிறது. இதைக் கண்டறிய நிரலறிவு வேண்டியதில்லை, கோப்பின் அளவைப் பார்த்தாலே போதும். உலக வரைபடம் 256க்கு 256 கட்டங்கள், கட்டத்திற்கு ஒரு பைட் என்ற கணக்கில் சரியாக 65,536 பைட். யூஎல்டி நீட்சியுள்ள ஒவ்வோர் ஊர்க் கோப்பும் 1,280 பைட். ஓர் ஊரில் 16 பேர், ஆளுக்கு 288 பைட் என்பதால் டிஎல்கே நீட்சியுள்ள ஒவ்வோர் உரையாடல் கோப்பும் 4,608 பைட். பார்ட்டி கோப்பு 502 பைட், மான்ஸ்டர்ஸ் கோப்பு 256 பைட். இவற்றில் ஒன்று கூடியோ குறைந்தோ இருந்தால் அதுதான் குற்றவாளி; பழைய தொகுப்புகளை உரைக்கோப்புப் பரிமாற்ற முறையில் அனுப்பியபோது இப்படிச் சிதைந்தவை உண்டு. சிதைந்ததைத் திருத்த முயலாமல் இலவசத் தொகுப்பைப் புதிதாக இறக்கி, சேமிப்புக் கோப்புகளை மட்டும் அதில் வைத்துக்கொள்வது நல்லது.

அறிகுறி 2: தலைப்புத் திரை வருகிறது, ‘ஜர்னி ஆன்வர்ட்’ போகவில்லை

தொடர்வதற்குப் பாத்திரம் இருக்க வேண்டும். ‘இனிஷியேட் நியூ கேம்’ தேர்ந்தெடுத்து, குறி சொல்லும் பெண்ணின் கேள்விகள் அனைத்திற்கும் விடையளித்து முடித்தால்தான் பாத்திரம் உருவாகும். நடுவில் வெளியேறியிருந்தால் எதுவும் எழுதப்பட்டிராது. முடித்த பின்னரும் போகவில்லையென்றால் பார்ட்டி கோப்பு இருக்கிறதா, 502 பைட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்புறையில் எழுத உரிமையில்லை என்று பொருள். அது அடுத்த அறிகுறியோடு சேர்ந்தது.

அறிகுறி 3: சேமித்தேன், ஆனால் திரும்ப வந்தால் பழைய இடத்தில் நிற்கிறேன்

அடிக்கடி வரும் முறையீடு இதுதான், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். கீழுள்ள வரிசையில் பாருங்கள். முதல் மூன்றுக்குள் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

*சேமித்த இடம்.* கியூ விசை வெளியுலகிலும் நிலவறையிலும் மட்டுமே சேமிக்கும். ஊர், கோட்டை முதலிய இடங்களுக்குள் ‘நாட் ஹியர்’ என்று சொல்லிவிட்டு எதையும் எழுதாது. அந்தச் சிறு எழுத்தைக் கவனிக்காமல் சன்னலை மூடிவிடுகிறவர்கள் ஏராளம். ஊரைவிட்டு வெளியே வந்து கியூவை அழுத்துங்கள்.

*படிக்க மட்டும் என்ற குறி.* குறுந்தகட்டிலிருந்து நகலெடுத்த கோப்புகளோடு இந்தக் குறியும் ஒட்டிக்கொண்டு வரும். கோப்புறையின் பண்புகளைத் திறந்து, உள்ளிருக்கும் கோப்புகள் அனைத்திற்கும் அக்குறியை நீக்குங்கள்.

*விண்டோஸின் நிழல் கோப்புறை.* விளையாட்டு ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள் இருந்தால், பழைய வகை நிரல்கள் அங்கே எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதுவதை விண்டோஸ் பயனரின் ‘வெர்ச்சுவல்ஸ்டோர்’ கோப்புறைக்குத் திருப்பிவிடும். விளைவு விசித்திரமானது: டாஸ்பாக்ஸுக்குள் சேமிப்பு தெரிகிறது, எக்ஸ்புளோரரில் தெரிவதில்லை, நிர்வாகியாகத் திறந்தால் பழையது, சாதாரணமாகத் திறந்தால் புதியது. கணினி சூனியம் வைத்ததுபோலத் தோன்றும் முறையீடுகள் பெரும்பாலும் இந்த வகைதான். பயனர் கோப்புறையின் ஆப்டேட்டா, லோக்கல், வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற வழியில் சென்று அங்கிருக்கும் சேமிப்புகளை எடுத்துக்கொண்டு, விளையாட்டையே புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே ஒரு சாதாரணக் கோப்புறைக்கு மாற்றிவிடுங்கள். உரிமைகளை மாற்றியமைப்பதைவிட இதுவே நிலையான தீர்வு.

*லினக்ஸில் இரட்டைப் பெயர்.* லினக்ஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தும். டாஸ் பாணியில் பெரிய எழுத்தில் ஒரு பார்ட்டி கோப்பும், வேறொரு நிரல் எழுதிய சிறிய எழுத்துப் பார்ட்டி கோப்பும் ஒரே கோப்புறையில் இருந்தால், எழுதப்படுவது ஒன்றாகவும் படிக்கப்படுவது மற்றொன்றாகவும் ஆகலாம். தேதியைப் பார்த்துப் பழையதை வெளியே எடுத்து வையுங்கள், அழிக்க வேண்டாம்.

*வேறொருவர் புதிதாகத் தொடங்கியது.* இந்த விளையாட்டில் சேமிப்பிடம் ஒன்றுதான். வீட்டில் இன்னொருவர் புதிய பாத்திரத்தை உருவாக்கினால் உங்கள் பாத்திரம் அதோடு போய்விடும். மீட்கும் வழி விளையாட்டுக்குள் இல்லை. ஆளுக்கொரு கோப்புறையில் முழு விளையாட்டையும் நகலெடுத்துக் கொடுத்துவிடுங்கள், அதன் அளவு இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றின் அளவுக்குத்தான் இருக்கும்.

*எமுலேட்டரின் உறைநிலைச் சேமிப்பு.* ஆப்பிள் 2, கொமடோர் 64 எமுலேட்டர்களில், அதாவது அந்தப் பழைய கணினிகளைப் போலி செய்யும் நிரல்களில் விளையாடுவோருக்கு இது முக்கியம். எமுலேட்டர் எடுக்கும் உறைநிலை நினைவகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும், ஆனால் வட்டுப் படிமம் அதற்குப் பிறகு எழுதப்பட்டிருந்தால் அது புதிய நிலையிலேயே இருக்கும். இரண்டும் முரண்பட்ட நிலையில் ஓர் ஊருக்குள் போய்வந்தாலே குழு ஓரிடத்திலும் உலகம் வேறிடத்திலும் நிற்கும். ஏதேனும் ஒரு சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் பயன்படுத்துங்கள். விளையாட்டின் சொந்தச் சேமிப்பையே நான் பரிந்துரைப்பேன். படிமம் ஜிப் கோப்புக்குள் இருந்தபடியே ஏற்றப்பட்டிருந்தாலும் எழுத முடியாது. கொமடோரைப் போலி செய்யும் வைஸ் எமுலேட்டரில் இது அடிக்கடி நேரும். விரித்து, எழுதும் உரிமையுடன் ஏற்றுங்கள்.

அறிகுறி 4: எல்லாம் மிக வேகமாக ஓடுகிறது

விசை எதையும் அழுத்தாமல் சற்று இருந்தால் விளையாட்டு தானாகவே ஒரு முறையை (நீங்கள் நகர வேண்டிய ஒரு வாய்ப்பை) கடத்திவிடும். அது இயல்பு. ஆனால் செய்தியைப் படித்து முடிப்பதற்குள் முறைகள் பறந்துகொண்டிருந்தால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள்.

டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘சைக்கிள்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். அது ‘ஆட்டோ’ என்றிருந்தால் இத்தகைய பழைய நிரல்களுக்கு 3,000 என்ற அளவே கிடைக்கும், அதில் சிக்கல் பெரிதாக வராது. வேறு விளையாட்டுக்காக யாரேனும் அதை ‘மேக்ஸ்’ என்று மாற்றியிருந்தால்தான் இந்த ஓட்டம். ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல் விசையுடன் எஃப்11 அழுத்தினால் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். சன்னலின் தலைப்புப் பட்டையில் எண் தெரியும். பிடித்த எண்ணை அமைப்புக் கோப்பில் எழுதிவிடுங்கள். மடிக்கணினிகளில் எஃப் விசைகள் ஒலி, ஒளி மாற்றும் வேலைக்குப் போயிருக்கும் என்பதால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கலாம்.

அசல் பழைய கணினியில் விளையாடுபவர்கள் டர்போ பொத்தானை அணைத்துப் பார்க்கலாம்; இல்லையேல் பயாஸில் கேஷ் நினைவகத்தை நிறுத்தலாம், அல்லது வேகத்தைக் குறைக்கும் மோஸ்லோ போன்ற சிறு நிரலைப் பயன்படுத்தலாம்.

அறிகுறி 5: ஒலி இல்லை, அல்லது நிறம் சரியில்லை

வி விசையை அழுத்துங்கள். அது விளையாட்டின் ஒலியை நிறுத்தவும் திறக்கவும் செய்யும், தெரியாமல் பட்டிருக்கலாம். ஒலி வருகிறது, இசைதான் இல்லை என்றால் அது குறையல்ல. ஆப்பிள் 2இல் மாக்கிங்போர்டு அட்டை இருந்தால் இசை உண்டு, கொமடோர் 64இலும் உண்டு, ஆனால் டாஸ் பதிப்பு இசையில்லாமலேயே வெளிவந்தது. ரசிகர்கள் உருவாக்கிய மேம்பாட்டுத் தொகுப்பைச் சேர்த்தால் 256 நிறப் படங்களும் இசையும் கிடைக்கும். அதைச் சேர்த்த பின்னும் இசை வரவில்லையென்றால் தொகுப்புடன் வரும் அமைப்பு நிரலை ஒருமுறை ஓட்டி ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருப்பீர்கள்.

நான்கே நிறங்கள் தெரிந்தால் டாஸ்பாக்ஸ் அமைப்பில் ‘மெஷின்’ வரி சிஜிஏ என்று மாறியிருக்கும். வழக்கமான எஸ்விஜிஏ அமைப்புக்கு மாற்றினால் 16 நிறங்கள் திரும்பிவிடும்.

அறிகுறி 6: எக்ஸ்யூ4 அல்லது ஸ்கம்விஎம் விளையாட்டைக் கண்டுபிடிக்கவில்லை

இவை இரண்டும் டாஸ்பாக்ஸ் போல முழுக் கணினியைப் போலி செய்பவை அல்ல. விளையாட்டின் இயக்கத்தை மட்டும் புதிதாக எழுதியவை. ஊர், வரைபடம், உரையாடல் எல்லாவற்றையும் டாஸ் பதிப்பின் கோப்புகளிலிருந்தே எடுக்கும். ஆகவே ஆப்பிள் 2 படிமத்தையோ என்இஎஸ் கோப்பையோ காட்டினால் ஒருபோதும் ஏற்காது. சரியான டாஸ் கோப்புறையைக் காட்டியும் ஸ்கம்விஎம் மறுத்தால், அதனுடன் வரவேண்டிய ‘அல்டிமா’ என்ற தரவுக் கோப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில லினக்ஸ் தொகுப்புகளில் அது தனியாகக் கிடைக்கும். மேம்பாட்டுத் தொகுப்பைச் சேர்த்த பிறகே சிக்கல் தொடங்கியதென்றால் அதை நீக்கி, தூய டாஸ் கோப்புகளுடன் முதலில் ஓடவிட்டுப் பாருங்கள்.

எக்ஸ்யூ4 சேமிக்கும் கோப்புகள் டாஸ் பதிப்பின் வடிவத்திலேயே இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகலாம், நான்கையும் சேர்த்துக் கொண்டுபோகும் வரை.

அறிகுறி 7: விளையாட்டு ஓடுகிறது, ஆனால் செய்ய வேண்டியதைச் செய்ய மறுக்கிறது

கோப்பு சிதைந்துவிட்டது என்ற சந்தேகத்துடன் வரும் முறையீடுகளில் கணிசமானவை உண்மையில் விளையாட்டின் விதிகள். மீண்டும் நிறுவுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

*சொன்ன இடத்தில் தேடியும் மாண்ட்ரேக் வேர், நைட்ஷேட் ஆகிய மூலிகைகளும் கருப்புக் கல்லும் கிடைக்கவில்லை.* திரையின் மேலே தெரியும் டிரம்மல், ஃபெலுக்கா என்னும் இரு நிலவுகளும் ஒரே நேரத்தில் இருண்டிருக்கும்போதுதான் இவை கிடைக்கும். மூலிகை ஒருமுறை கிடைத்த பின் உடனே தேடினாலும் கிடைக்காது. சில அடிகள் நடந்து திரும்ப வேண்டும்.

*ஆலயத்திற்குள் நுழைய முடியவில்லை.* விளையாட்டில் ஒவ்வோர் அறத்திற்கும் ஓர் ஆலயம் உண்டு; அந்த அறத்திற்குரிய ரூன் கல் (எழுத்துப் பொறித்த கல்) உங்களிடம் இல்லை.

*தியானத்தில் மனம் சோர்ந்திருப்பதாகச் சொல்கிறது.* விளையாட்டு நகர்வுகளை நூறு நூறாகப் பகுத்து எண்ணுகிறது. கடைசித் தியானம் நடந்த அதே நூறுக்குள் மீண்டும் தியானிக்க விடாது. வெளியே சென்று அலைந்துவிட்டு வாருங்கள். தியானம் முடிந்தும் உயர்வு கிட்டவில்லையென்றால், மூன்று சுற்றுகள் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் அந்த அறம் இன்னும் நிறையவில்லை. விளையாட்டின் அரசரான லார்டு பிரிட்டிஷின் கோட்டையில் இருக்கும் ஞானி ஹாக்விண்டிடம் கேட்டால் நிலவரத்தைச் சொல்வார். கண் தெரியாத மூலிகை வணிகரிடம் குறைத்துக் கொடுத்தவர்களுக்கு நேர்மை ஏன் ஏறவில்லை என்பது புரியாமலிருப்பது வியப்பல்ல.

*துணைவர் சேர மறுக்கிறார்.* குழுவில் எத்தனை பேர் இருக்கலாம் என்பது உங்கள் பாத்திரத்தின் நிலையைப் பொறுத்தது. எட்டுப் பேருக்கு எட்டாம் நிலை வேண்டும். அனுபவப் புள்ளிகள் 100, 200, 400 என்று இரட்டித்துக்கொண்டே 6,400 வரை போகும், ஆனால் புள்ளிகள் சேர்ந்தாலும் லார்டு பிரிட்டிஷிடம் போய்ப் பேசினால்தான் நிலை உயரும். நீங்கள் எந்த வகுப்பில் தொடங்கினீர்களோ அந்த வகுப்புத் துணைவர் சேரவே மாட்டார்: பாடகராகத் தொடங்கினால் ஐயோலோ கிடையாது. என்இஎஸ் பதிப்பில் ஒரே நேரத்தில் நால்வர்தான் உடன் நடக்க முடியும், மற்றவர்கள் காணாமற்போகவில்லை.

அறிகுறி 8: என்இஎஸ், மாஸ்டர் சிஸ்டம் கேட்ரிட்ஜ்

*என்இஎஸ் விளக்கு வினாடிக்கு ஒருமுறை மின்னுகிறது.* கேட்ரிட்ஜின் தொடுமுனைகளைப் பருத்திக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, முழுதும் உலர்ந்த பின் செருகுங்கள். வாயால் ஊதக் கூடாது. எல்லா விளையாட்டுகளுக்கும் மின்னினால் கருவியின் 72 ஊசி இணைப்பான் தேய்ந்திருக்கும்; அதை மாற்றுவது திருகாணி கழற்றத் தெரிந்தவர் செய்யக்கூடிய வேலைதான்.

*விளையாட்டு ஓடுகிறது, சேமிப்பு நிற்கவில்லை.* என்இஎஸ்ஸில் மின்சாரத்தை அணைக்கும்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். முதலில் அப்படிச் செய்து பாருங்கள். பிறகும் நிற்கவில்லையென்றால் உள்ளிருக்கும் 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கும். 1990இல் வெளிவந்த கேட்ரிட்ஜில் அது இத்தனை காலம் உழைத்ததே பெரிது. அது சொருகும் வகையல்ல, பற்றவைக்கப்பட்டது. கழற்றிய கணமே சேமிப்பு அழியும் என்பதால், ஏதேனும் சேமிப்பு இன்னும் மிச்சமிருந்தால் கேட்ரிட்ஜ் படிப்பான் கொண்டு முதலில் அதைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பற்றவைத்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மின்னணுப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். தாள் ஒட்டும் நாடாவால் மின்கலத்தை ஒட்டிவைக்கும் குறுக்குவழி ஒருமுறை அசைந்தால் மொத்தச் சேமிப்பையும் கொண்டுபோய்விடும்.

அறிகுறி 9: அசல் வட்டுகள் படிக்கவில்லை

சரியென்று தெரிந்த வேறொரு வட்டை அதே இயக்கியில் போட்டுப் பாருங்கள். அதுவும் படிக்கவில்லையென்றால் பழுது இயக்கியில். படிமுனையைச் சுத்தம் செய்யுங்கள், அதன் பிறகும் படிக்காத கொமடோர் 1541 இயக்கிகளில் முனை தடம் விலகியிருப்பது அறிந்த குறை, அதைச் சீரமைப்பது பழகிய கைக்குரிய வேலை. மற்ற வட்டுகள் படித்து இது மட்டும் படிக்கவில்லையென்றால் வட்டின் காந்தப் பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூஞ்சைத் திட்டு தெரிந்தால் அந்த வட்டை இயக்கியில் போடவே கூடாது. அது முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கீறும்.

பரப்பு சுத்தமாக இருந்தும் சில தடங்கள் மட்டும் படிக்கவில்லையென்றால் திரும்பத் திரும்ப முயலாதீர்கள். வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும் கருவி வைத்திருப்பவரை அணுகுங்கள்; ஆப்பிள் 2 வட்டுகளுக்கு ஆப்பிள்சாஸ், மற்றவற்றுக்கு கிரீஸ்வீசில், கிரையோஃபிளக்ஸ் ஆகியவை இதற்கென்றே உள்ளவை. கொடுப்பதற்கு முன் 5.25 அங்குல வட்டின் ஓரத்து வெட்டை நாடாவால் மூடிவிடுங்கள், தவறுதலாகவும் எதுவும் எழுதப்படாது. விளையாட்டை மட்டும் மீட்டால் போதுமென்றால் வேறு படிமம் கிடைக்கும். உங்கள் பழைய பாத்திரம் வேண்டுமென்றால் அது இருக்கும் பக்கம் எதுவென்று உறையின் மேல் எழுதிக் கொடுங்கள். வட்டின் மேல் ஒட்டிய சீட்டில் பந்துமுனைப் பேனாவால் எழுத வேண்டாம்.